நிறுவிக்கொள்வதா, உலாவியிலேயே பேசுவதா?

சென்ற மாதம் எங்கள் வாசிப்புக் கூட்டத்தில் கட்டுரை படிக்கவிருந்த அம்மையார் ஒருவர் 25 நிமிடம் வெளியிலேயே நின்றார். மழையோ போக்குவரத்து நெரிசலோ காரணமில்லை. தம் வீட்டு மேசையின் முன்னால்தான் அமர்ந்திருந்தார். அனுப்பப்பட்ட இணைப்பைச் சொடுக்கியதும், கூட்டத்தில் கலந்துகொள்ள இன்ன மென்பொருளை நிறுவுக என்று ஒரு பக்கம் வந்து நின்றது. அவருடைய மடிக்கணினி பத்து வயதைத் தாண்டியது. விண்டோஸ் அதில் மூச்சுவாங்கத் தொடங்கியபோது உறவுக்காரப் பையன் ஒருவன் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தட்டச்சுக்கும் மின்னஞ்சலுக்கும் பழைய நூல்களின் வருடிய பக்கங்களைப் படிப்பதற்கும் அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. பக்கம் கேட்டபடி கோப்பை இறக்கினார். இறங்கிய கோப்பு கடவுச்சொல் கேட்டது. கடவுச்சொல் பையனுக்குத்தான் தெரியும். பையன் அப்போது ரயிலில். கடைசியில் கைபேசி வழியாக உள்ளே வந்தார். மேற்கோள்களெல்லாம் மடிக்கணினியில் கிடந்தன. ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மடிக்கணினித் திரையை உருட்டியபடி, கட்டுரையில் பாதியைப் படித்து முடித்தார்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: எதையும் நிறுவாமல் உலாவி வழியாகவே நுழைவதற்கு அந்த மென்பொருளில் ஒரு வழி உண்டு. கூட்டத்தை அமைத்த எங்கள் நண்பரின் கணக்கில் அந்த வழி மூடப்பட்டிருந்தது. மூடப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்றிரவே எங்களுக்குள் ஒரு வழக்கு மூண்டுவிட்டது. லினக்ஸுக்கென்றே மேசைப் பதிப்பு வெளியிடுகிறார்களே, அதை ஒருமுறை நிறுவிக்கொண்டால் தீர்ந்தது என்றது ஒரு தரப்பு. ஒரு மணி நேரம் நாவலைப் பற்றிப் பேசுவதற்கு என் கணினிக்குள் யாரையோ குடியேற்ற வேண்டுமா என்றது மறு தரப்பு. இரண்டு வாரம் இழுத்த அந்த வழக்கில் நாங்கள் வந்து சேர்ந்த இடத்தைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களில் ஒருவர் இன்னும் உடன்படவில்லை. அவருடைய வாதத்துக்கும் உரிய இடம் கொடுக்க முயன்றிருக்கிறோம்.

இலக்கியம் பேசுமிடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கக்கூடும். 2020-இல் பொது முடக்கம் வந்தபின் தமிழ் இலக்கியக் கூட்டங்களில் பெரும்பகுதி திரைக்குக் குடிபெயர்ந்தது. முடக்கம் நீங்கிய பிறகும் பல கூட்டங்கள் திரையிலேயே தங்கிவிட்டன. டொராண்டோவிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆள் வருவதை யாரும் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. அப்படியானால் கூட்ட அரங்கின் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யாருக்குத் திறக்கிறது என்பதை அரங்கில் பேசப்படுவதிலிருந்து அத்தனை எளிதாகப் பிரித்துவிட முடியாது.

(காணொளியா காணொலியா என்ற பழைய சண்டைக்குள் இங்கே நாங்கள் நுழையப்போவதில்லை. ஒளியும் ஒலியும் சேர்ந்து ஒழுங்காக வந்தால் போதும் என்ற நிலையில் இருக்கிறோம்.)

முதலில் கொஞ்சம் பழைய கதை. லினக்ஸில் முகம் பார்த்துப் பேச முயன்றவர்களுக்கு இது நினைவிருக்கும். ஸ்கைப் 2003 ஆகஸ்டில் வந்தது. லினக்ஸுக்கும் 2004-லேயே ஒரு பதிப்பு கிடைத்தது. முகம் பார்க்கும் வசதி விண்டோஸ்காரர்களுக்கு 2006-இன் தொடக்கத்தில் கைகூடியது. லினக்ஸ்காரர்களுக்கு அது வந்தது 2007-இன் இறுதியில், அதுவும் சோதனைப் பதிப்பாக. ஏறத்தாழ இரண்டாண்டு நாங்கள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். 2011-இல் மைக்ரோசாஃப்ட் 850 கோடி டாலருக்கு ஸ்கைப்பை வாங்கியபோது, இனி லினக்ஸ் பதிப்புக்குப் பால் ஊற்றிவிடுவார்கள் என்று பலர் எதிர்பார்த்தனர். உடனே அப்படி நடக்கவில்லை. நடந்தது அதைவிட மெதுவானது. 2014-இல் வந்த 4.3 பதிப்பு, பல்ஸ்ஆடியோ என்ற ஒலியமைப்பு இல்லாத கணினிகளைக் கைவிட்டது. அதன்பின் அந்த வரிசையில் குறிப்பிடத்தக்க எதுவும் வரவில்லை. 2016 ஜூலையில் முற்றிலும் புதிதாக ஒரு லினக்ஸ் ஸ்கைப்பின் தொடக்கநிலைப் பதிப்பு வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வலைத் தொழில்நுட்பம். பழைய பதிப்பின் வாரிசு என்று சொன்னாலும் உண்மையில் அது வலைப்பதிப்புக்கு ஒரு சட்டை மாட்டிய உருவம். 2025 மே 5-ஆம் தேதியோடு ஸ்கைப்பே மூடப்பட்டுவிட்டது. அதில் லினக்ஸ் என்றும் விண்டோஸ் என்றும் பாகுபாடு பார்க்கவில்லை என்பது ஓர் ஆறுதல்.

டீம்ஸ் மென்பொருளின் கதை இன்னும் சுருக்கமானது. 2019 டிசம்பரில் அதன் லினக்ஸ் மேசைப் பதிப்பு முன்னோட்டமாக வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அலுவலகத் தொகுப்பிலிருந்து லினக்ஸ் மேசைக்கு நேராக வந்த முதல் மென்பொருள் அதுதான் என்பதால் அன்றைக்குப் பெரிய கொண்டாட்டம். மூன்றே ஆண்டு. 2022 டிசம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். மாற்றாக உலாவி வழியே நிறுவிக்கொள்ளும் ‘முற்போக்கு வலைச்செயலி’ ஒன்றைத் தந்தார்கள். நம் இலக்கிய உலகில் முற்போக்கு என்ற சொல்லுக்கு இருக்கும் வரலாற்றை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. எனினும் இந்த முற்போக்கு வந்தபின்தான் மேசைப் பதிப்பில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த சில வசதிகள் லினக்ஸ்காரர்களுக்குக் கிடைத்தன. பின்னணியை மங்கலாக்குவது அவற்றில் ஒன்று. மேசைப் பதிப்பை இழந்ததால் வசதி கூடியது என்ற இந்த விசித்திரத்தில்தான் எங்கள் வழக்கின் சூட்சுமம் இருக்கிறது.

மேசைப் பதிப்பு என்று நாம் நிறுவிக்கொள்வது என்ன? ‘கணினிக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்’ என்று நினைத்துக்கொள்கிறோம். 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில் தோன்றிய எலக்ட்ரான் என்ற கட்டமைப்பு வந்தபின் அந்த நினைப்பு பல நேரங்களில் பொய்யாகிவிட்டது. எலக்ட்ரானில் செய்த மென்பொருள் ஒவ்வொன்றும் தனக்குள் ஒரு முழுக் குரோமியம் உலாவியைச் சுமந்துகொண்டு வருகிறது. பிந்தைய ஸ்கைப், மறைந்த லினக்ஸ் டீம்ஸ், சிக்னலின் மேசைப் பதிப்பு ஆகியவை இந்த வகை. ஆகவே ‘உலாவியா மேசையா’ என்று கேட்பவர்களில் பலர் உண்மையில் கேட்பது, என்னிடமிருக்கும் உலாவியா, நிறுவனம் தன் பங்குக்குக் கொண்டுவரும் இரண்டாவது உலாவியா என்பதைத்தான். என்னிடமிருக்கும் உலாவியை டெபியனோ உபுண்டுவோ ஃபெடோராவோ சில வாரங்களுக்கொருமுறை புதுப்பித்துத் தருகிறது. ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் சில நாட்களில் அடைபடுகிறது. பெட்டிக்குள் வந்த இரண்டாவது உலாவியைப் புதுப்பிக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துக்கு. அந்த நிறுவனத்தின் கணக்கேட்டில் லினக்ஸ் எந்த வரியில் இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்ததே.

சூம் இந்த வகையில் சேராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் லினக்ஸ் பதிப்பு க்யூடி நூலகத்தின்மீது எழுதப்பட்டது. டெபியன் வழிக்கும் ரெட்ஹாட் வழிக்கும் தனித்தனிப் பொதிகள் தருகிறார்கள். தொடர்ந்து புதுப்பிக்கவும் செய்கிறார்கள். எங்கள் மாற்றுக்கருத்து நண்பர் இதையே முதல் சான்றாக வைக்கிறார். அவருக்குப் பின்னால் வருவோம்.

கட்டற்ற மென்பொருள் பக்கத்திலும் மேசைக்கு ஒரு காலம் இருந்தது. க்னோம்மீட்டிங் என்ற பெயரில் தொடங்கிப் பின்னர் எகிகா ஆன மென்பொருளை எங்களில் இருவர் ஆர்வத்தோடு பயன்படுத்தியிருக்கிறார்கள். மூல நிரல் திறந்தது, நெறிமுறை திறந்தது, யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. ஒரே குறை, பெரும்பாலும் பேச முடியாது. நம் வீடுகளில் இருக்கும் இணையப் பெட்டி, வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளையும் ஒரே முகவரிக்குப் பின்னால் மறைத்துவைக்கிறது. உள்ளிருந்து வெளியே போவது எளிது. வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்தக் கணினிக்கு என்று பெட்டிக்குத் தெரியாது. இரு பக்கமும் இப்படி மறைந்திருந்தால் இருவரும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஸ்கைப் இந்தச் சுவரைத் தந்திரமாகத் தாண்டியது. அதனால்தான் மூடிய மென்பொருளாக இருந்தும் வென்றது. எகிகாவின் கடைசிப் பெரும் பதிப்பு 2012-இல் வந்தது. இலட்சியம் நம் பக்கம், இணைப்பு அவர்கள் பக்கம் என்று அந்நாட்களில் ஒருவர் சொன்னது இன்றும் எங்களுக்குள் ஒரு வேடிக்கைப் பேச்சு.

சுவரை எல்லோருக்கும் பொதுவாகத் தாண்டிக் காட்டியது உலாவி. 2010-இல் கூகுள், ஒலி ஒளித் தொழில்நுட்பத்தில் தேர்ந்த குளோபல் ஐபி சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனத்தை ஏறத்தாழ 6.8 கோடி டாலருக்கு வாங்கியது. அதே 2010 ஆகஸ்டில்தான் ஜிமெயிலின் முகம் பார்க்கும் வசதி லினக்ஸுக்கு வந்தது. விண்டோஸுக்கு அது 2008 நவம்பரிலேயே வந்திருந்தது. மறுபடியும் அதே இரண்டாண்டு. அதுவும் தனியே ஒரு செருகியை நிறுவினால்தான் வேலை செய்தது. 2011-இல் கூகுள் தான் வாங்கிய அந்தத் தொழில்நுட்பத்தின் மூல நிரலைத் திறந்துவைத்தது. வெப்ஆர்டிசி என்று பெயர். 2013 பிப்ரவரியில் குரோமிலிருந்து பயர்பாக்ஸுக்கு முதல் அழைப்பு போய்ச் சேர்ந்ததை இரு தரப்பும் சேர்ந்து காட்டின. 2021 ஜனவரி 26 அன்று அது முறையான வலைத்தரமாக அறிவிக்கப்பட்டது. எதிரொலியை நீக்குவது, சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் கண்டுபிடிப்பது, இணைப்பு மெலிந்தால் படத்தின் தரத்தைக் குறைத்துக் குரலைக் காப்பாற்றுவது ஆகிய மூன்றும் உலாவிக்குள்ளேயே வந்துவிட்டன. லினக்ஸ் உலாவிக்கும் விண்டோஸ் உலாவிக்கும் இதில் உள்ளீடு ஒன்றே. இரண்டாண்டுக் காத்திருப்பு முதன்முறையாக இல்லாமலாயிற்று.

எதிரொலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பழைய மேசை மென்பொருள் ஒன்றில் நாங்கள் நடத்திய கவிதை வாசிப்பில், கவிஞர் படித்த ஒவ்வொரு வரியும் அரை நொடி தாமதித்து மூன்று வீடுகளிலிருந்து திரும்பி வந்தது. கவிஞர் அதை மிகவும் ரசித்தார். மற்றவர்கள் ரசிக்கவில்லை.

இந்த மாற்றத்துக்கு ஜிட்சியின் வாழ்க்கை வரலாறு ஒன்றே போதும். 2003-இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் எமில் இவோவ் என்ற மாணவர் ஜாவாவில் எழுதத் தொடங்கியது ஒரு மேசை மென்பொருள். சிப் கம்யூனிகேட்டர் என்ற அதன் முதற்பெயர் 2011-இல் ஜிட்சி ஆயிற்று. எகிகா சந்தித்த எல்லாச் சிக்கல்களையும் அதுவும் சந்தித்தது. வெப்ஆர்டிசி வந்ததும் அவர்கள் மேசையை விட்டு எழுந்து உலாவிக்குப் போனார்கள். ஒவ்வொருவரும் தம் படத்தை ஒரே ஒரு முறை வழங்கிக்கு அனுப்ப, வழங்கி அதைப் பிரித்து மற்றவர்களுக்கு விநியோகிக்கும் முறையை 2013-இல் திறந்த மூலமாகத் தந்தார்கள். இன்று ஜிட்சி மீட் என்றால் ஒரு வலைமுகவரி, அவ்வளவுதான். கட்டற்ற மேசை மென்பொருள் ஒன்றைப் பத்தாண்டு வளர்த்தவர்களே எழுந்து போன திசை எது என்பதை எங்கள் தரப்பின் முக்கியச் சான்றாகக் கருதுகிறோம்.

ஆனால் எங்களை உலாவிப் பக்கம் இறுதியாகத் தள்ளியது வசதி பற்றிய கணக்கு அன்று, நம்பிக்கை பற்றிய கணக்கு. லினக்ஸில் நாம் நிறுவும் ஒரு மூடிய மென்பொருள், நம் பெயரில் இயங்குகிறது. நாம் படிக்கக்கூடிய கோப்புகளை அதுவும் படிக்கலாம். எக்ஸ்11 என்ற பழைய திரையமைப்பில், ஒரு சாளரத்தில் நாம் தட்டச்சுவதை இன்னொரு சாளரத்தின் மென்பொருள் கவனிக்க முடியும். முழுத் திரையையும் கேட்காமலே படம்பிடிக்க முடியும். செய்கிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தடுக்க ஏதுமில்லை என்கிறோம். உலாவித் தாவலுக்குள் இருக்கும் கூட்டமோ ஒவ்வொன்றுக்கும் கை நீட்டிக் கேட்கிறது: ஒலிவாங்கியைத் தரலாமா, படக்கருவியைத் தரலாமா, எந்தச் சாளரத்தைக் காட்ட வேண்டும்? தாவலை மூடினால் போய்விடுகிறது.

நிறுவியது போகாது என்பதற்கு 2019 ஜூலையில் ஓர் உதாரணம் கிடைத்தது. அது மேக் கணினிகளில் நடந்தது. ஆனால் பாடம் எல்லோருக்கும் உரியது. சஃபாரி உலாவி கேட்கும் ஒரு கூடுதல் சொடுக்கைத் தவிர்ப்பதற்காக, சூம் மென்பொருள் பயனரின் கணினிக்குள் ஒரு சிறு வலைவழங்கியை ஓசையின்றி நிறுவியிருந்தது. சூமை நீக்கினாலும் அந்த வழங்கி நீங்காது. தேவைப்பட்டால் சூமைத் திரும்ப நிறுவவும் செய்யும். ஜோனதன் லெய்ட்ஷூ என்ற ஆய்வாளர் இதை வெளிப்படுத்தினார். ஆப்பிள் நிறுவனமே முன்வந்து எல்லா மேக் கணினிகளிலிருந்தும் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியதாயிற்று. சூம் அந்த முறையைக் கைவிட்டுவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் விருந்தாளி போன பிறகும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்ததை மறப்பது கடினம்.

இனி மாற்றுக்கருத்து. எங்கள் நண்பர் மூன்று கேள்விகள் வைத்தார். மூன்றும் கூர்மையானவை.

பழைய கணினியில் உலாவி வேகுமே என்றார் முதலில். உண்மை. பன்னிரண்டு முகங்கள் ஒரே திரையில் தெரிய வேண்டுமானால் பன்னிரண்டு ஒளியோடைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். இந்த வேலைக்கென்றே வரைகலைச் சில்லில் தனிப்பகுதி உண்டு. ஆனால் லினக்ஸ் உலாவிகள் நெடுங்காலம் அதைத் தொடாமல் எல்லாப் பாரத்தையும் மையச் செயலியின் தலையில் வைத்தன. பயர்பாக்ஸ், இன்டெல் வரைகலைச் சில்லுகளில் அதை இயல்பாகவே பயன்படுத்தத் தொடங்கியது 2023-இன் 115-ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் கூட்டம் தொடங்கிக் கால் மணியில் மடிக்கணினியின் விசிறி, நூலைப் பற்றிப் பேசுபவரைவிட உரக்கப் பேசும். நன்றாக எழுதப்பட்ட மேசைப் பதிப்பு இங்கே இலகுவாக ஓடும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. முகக் கட்டங்களைக் குறைத்துப் பேசுபவரை மட்டும் காட்டும் அமைப்பு, படக்கருவியை அணைத்துவிட்டுக் கேட்பது என்று தற்காத்துக்கொள்கிறோம். பதிலாக இது முழுமையானதல்ல.

அவருடைய இரண்டாம் கேள்விதான் எங்களைச் சற்று நேரம் வாயடைக்கச் செய்தது. உலாவியில் வரும் நிரல் ஒவ்வொரு முறையும் வழங்கியிலிருந்து புதிதாக வருகிறது. நேற்று வந்ததும் இன்று வந்ததும் ஒன்றுதானா? எனக்கு வந்ததும் உனக்கு வந்ததும் ஒன்றுதானா? நிறுவிய பொதிக்குக் கையொப்பம் உண்டு, பதிப்பெண் உண்டு. ஊரில் நாலு பேர் அதைப் பிரித்துப் பார்க்க முடியும். ஓடும் தண்ணீரை எங்கே பிடித்துச் சோதிப்பாய்? மறையாக்கம் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பூட்டைத் தருபவரே ஒவ்வொரு நாளும் புதுச் சாவியையும் தருகிறார். ஜிட்சி 2020 ஏப்ரலில் முனைக்கு முனை மறையாக்கத்தை உலாவிக்குள்ளேயே செய்துகாட்டியது. ஆயினும் அந்த நிரலும் வலைவழிதான் வருகிறது. இதற்கு எங்களிடம் உள்ள மறுமொழி சிறியது. பதிப்பெண் இருந்தும் மேசைப் பதிப்புகள் சொன்னதைச் செய்யாத வரலாறு உண்டு. முனைக்கு முனை மறையாக்கம் இருப்பதாகச் சூம் விளம்பரப்படுத்தியது சரியல்ல என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டி, 2020 நவம்பரில் அந்நிறுவனத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. உயிருக்கு ஆபத்தான செய்தியைப் பேசுபவர்கள் மூல நிரல் திறந்த, நிறுவிக்கொள்ளும் மென்பொருளையே நாட வேண்டும் என்று நண்பர் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் பேசுவது நாவல்களைப் பற்றி.

திரைப்பகிர்வு பற்றியது மூன்றாவது. இதில் வரலாறு எங்கள் பக்கம் நிற்கிறது. எக்ஸ்11-க்கு மாற்றாக வேலண்ட் என்ற புதிய திரையமைப்பு வந்தபோது, கேட்காமல் திரையைப் பிடிக்கும் வழி அடைபட்டது. இனிமேல் வாயில்காப்பவரிடம் கேட்டு, பைப்வயர் என்ற குழாய் வழியாகத்தான் பெற வேண்டும். மேசைப் பதிப்புகள் பல இதில் தடுமாறின. சூம், க்னோம் மேசையின் திரைப்பட இடைமுகம் ஒன்றைச் சுற்றுவழியாகப் பயன்படுத்தி ஒப்பேற்றியது. 2021-இல் வந்த க்னோம் 41 அந்தச் சுற்றுவழியை மூட, பகிர்ந்த திரை காணாமல் போயிற்று. பின்னரே பைப்வயருக்கு மாறினார்கள். உலாவிகளும் முதல் நாளே எழுந்து நின்றுவிடவில்லை. குரோமில் சில ஆண்டுகள் ஒரு மறைவான விருப்பத்தைத் தேடி இயக்க வேண்டியிருந்தது. ஆனால் உலாவி ஒருமுறை கற்றுக்கொண்டால் அதில் நடக்கும் எல்லாக் கூட்டங்களும் கற்றுக்கொண்டதாகிறது. மேசைப் பதிப்புகள் தனித்தனியே பள்ளிக்குப் போக வேண்டும்.

எங்கள் தரப்பிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. உலாவி என்று நாங்கள் சொல்லும்போது பெரும்பாலோர் கேட்பது குரோம் என்று. 2020-இன் நெரிசலில் ஜிட்சியே பயர்பாக்ஸில் வருபவர்களைக் குரோமியம் பக்கம் போகச் சொன்னது. படத்தைப் பல தரங்களில் ஒரே நேரத்தில் அனுப்பும் முறை அன்றைய பயர்பாக்ஸில் சரிவர அமையாததால், ஒருவர் அதில் வந்தாலும் கூட்டம் முழுவதற்கும் பாரம் கூடியது. மூடிய மேசை மென்பொருளிடமிருந்து தப்பி ஒற்றை நிறுவனத்தின் உலாவியில் போய்ச் சிக்குவது விடுதலையா என்று கேட்டால் எங்களுக்கும் தயக்கம்தான். இருந்தாலும் இங்கே குறைந்தபட்சம் ஒரு பொதுத்தரம் இருக்கிறது. விபி8, எச்.264 ஆகிய இரண்டு ஒளிக்குறிமுறைகளையும் உலாவிகள் ஏற்க வேண்டும் என்று 2014-இல் தர அமைப்பில் சமரசம் எட்டியது. எச்.264-க்கு உரிமக்கட்டணம் உண்டென்பதால் கட்டற்ற உலாவியான பயர்பாக்ஸ் தவித்தபோது, சிஸ்கோ நிறுவனம் தன் செலவில் ஒரு நிரலைத் தொகுத்து வழங்க முன்வந்தது. பொதுத்தரம் என்று ஒன்று இருந்ததால்தான் அந்தப் பேச்சுவார்த்தையே நடந்தது. மேசைப் பதிப்புகளுக்கு நடுவே பேசித் தீர்த்துக்கொள்ள எந்த மேடையும் இல்லை.

எங்களுக்கு உண்மையில் கோபம் வருவது வேறிடத்தில். வலைப்பதிப்பை வைத்திருந்தும் அதை ஒளித்துவைக்கும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. இணைப்பைச் சொடுக்கினால் முதலில் பெரிய எழுத்தில் நிறுவச் சொல்கிறார்கள். கோப்பு தானாகவே இறங்கத் தொடங்குகிறது. இரண்டு முறை மறுத்த பிறகு, பக்கத்தின் அடியில் மங்கிய சிறிய எழுத்தில் ‘உலாவியிலிருந்து இணைக’ என்று ஒரு வரி தோன்றுகிறது. அந்த வரியும் கூட்டம் அமைப்பவர் அனுமதித்தால்தான் வரும். இதில் தொழில்நுட்பக் காரணம் எதையும் எங்களால் காண முடியவில்லை. தமிழ்நாட்டு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எங்கள் இளைய நண்பர்கள் சிலர் லினக்ஸை முதலில் பார்த்ததே அப்படித்தான். அப்படிப்பட்ட பழைய கணினியோடு இன்றும் ஒருவர் கூட்டத்துக்கு வரக்கூடும். சென்னையில் அமர்ந்து கூட்டம் அமைப்பவர் தம் கணக்கில் ஒரு கட்டத்தைக் குறியிட்டால் போதும், அவர் உள்ளே வந்துவிடுவார். வாட்ஸ்அப் 2021 மார்ச்சில் மேசையிலிருந்து முகம் பார்த்துப் பேசும் வசதியைத் தந்தபோது விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே தந்தது; அது அவர்கள் முடிவு, நாம் ஒன்றும் செய்வதற்கில்லை. இந்தக் கட்டம் நம் கையில் இருக்கிறது.

இலவச ஜிட்சி வழங்கியில் நடத்தலாமே என்று ஒருவர் கேட்டார். 2023 ஆகஸ்ட் முதல் அங்கே அறையைத் திறப்பவர் கூகுள், கிட்ஹப், ஃபேஸ்புக் கணக்குகளில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். விருந்தினருக்கு அது தேவையில்லை. எங்களில் ஒருவரிடமாவது அவற்றில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது என்பதால் அது தடையாகாது. சொந்த வழங்கி வைத்துக்கொள்ளும் யோசனையும் வந்தது. மாத வாடகையை யார் கட்டுவது என்ற கேள்வியோடு அது ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த கூட்டம் இரண்டாம் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு. அம்மையார் தம் கட்டுரையை முதலிலிருந்து படிக்க இசைந்திருக்கிறார். இணைப்பு உலாவியிலேயே திறக்கும். நேற்றிரவு அவருடைய மடிக்கணினியில் சோதித்துப் பார்த்தோம், மேற்கோள் பக்கங்கள் எங்கள் எல்லாருடைய திரையிலும் தெரிந்தன. விசிறி மட்டும் கொஞ்சம் சத்தமிட்டது. எங்கள் மாற்றுக்கருத்து நண்பர் தம் மேசைச்செயலியிலிருந்தே வருவேன் என்கிறார். ஜிட்சிக்கு அப்படியொன்று உண்டு, அதுவும் எலக்ட்ரானில் செய்தது. அவரிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை.